செய்முறை ஏடு

ஒரு தொழிலைச் செய்யத் தெரிதல் வேறு; அதனைப் பிறரும் செய்யுமாறு எடுத்துரைக்கத் தெரிதல் வேறு. கைதேர்ந்த தச்சர் அனைவரும் நல்லாசிரியராக அமைவதில்லை. உளியை எவ்வளவு சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. அவருடைய கை அதனை அறியும். எண்ணாததனால் சொல்லவும் மறக்கிறார். கற்பவனோ அவ்விடத்திலேயே இடர்ப்படுகிறான்.

இவ்வுண்மை தச்சுக்கு மட்டும் உரியதன்று. கணிப்பொறியின் உள்ளே இயங்கும் நுண்ணிய நிரல்களுக்கும் பொருந்தும். அவற்றை ஆக்குவோர் பிறர்க்கு எழுதிவைக்கும் செய்முறை ஏடு எத்தகைய குறைகளை உடையதாகிறது, அக்குறைகளை எவ்வாறு களைவது என்பவற்றை, லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பில் சேர்க்கப்படும் மறையாக்கக் கூறு ஒன்றைச் சான்றாகக் கொண்டு காண்போம்.

பருப்பும் ஓடும்

பின்லாந்து நாட்டின் தலைநகரமாகிய ஹெல்சின்கியில் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர், 1991ஆம் ஆண்டில் லினக்ஸின் முதற்பதிப்பை வெளியிட்டார். மூலநிரலை யாவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் உரிமத்தின்கீழ் அது 1992 முதல் வழங்கி வருகிறது. அவர் எழுதியது இயக்க அமைப்பின் நடுவில் அமைந்த பகுதியாகும். அதனைக் கெர்னல் என்பர். கெர்னல் என்னும் ஆங்கிலச் சொல், கொட்டையின் உள்ளே இருக்கும் பருப்பைக் குறிக்கும். நாம் கட்டளைகளைத் தட்டச்சுச் செய்யும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். அச்சொல்லுக்கு ஓடு என்பது பொருள். ஓட்டைத் தட்டினால் உள்ளிருக்கும் பருப்பு விடை தருகிறது என்று கொள்ளலாம்.

நினைவகத்தைப் பகிர்ந்தளித்தல், வட்டில் எழுதுதல், வலையமைப்பின் வழியாகச் செய்தியை அனுப்புதல் ஆகிய தலைமைப் பணிகளைக் கெர்னலே மேற்கொள்கிறது. எல்லாருக்கும் எல்லாப் பணிகளும் வேண்டுவதில்லை. ஆதலின், வேண்டும்போது சேர்த்து, வேண்டாதபோது நீக்கத்தக்க துணைப் பகுதிகளாகச் சிலவற்றை அமைத்துள்ளனர். இவற்றை மாட்யூல் என்பர். நாம் கூறு என்போம். கணிப்பொறி இயங்கிக்கொண்டிருக்கும்போதே, அதனை நிறுத்தாமல் ஒரு கூறினைச் சேர்க்கலாம்.

ஆனால் இதில் ஓர் இடர் உண்டு. சாதாரண நிரலில் பிழை நேர்ந்தால் அந்நிரல் மட்டும் நின்றுபோகும். கெர்னலுள் சேர்ந்த கூறுக்கும் கெர்னலுக்கும் இடையே சுவர் இல்லை. கூறு பிழைபட்டால் கணிப்பொறி முழுவதும் நின்றுபோகலாம். எனவே, கூறினை ஆக்கிச் சேர்க்கும் முறையைச் சொல்லும் ஏடு ஐயத்திற்கு இடமின்றி அமைதல் வேண்டும்.

பூட்டும் சாவியும்

செய்தியைப் பிறர் அறியா வண்ணம் மாற்றி எழுதும் கலை பழமையானது. உரோமானியத் தலைவர் சூலியசு சீசர், ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்றெழுத்துத் தள்ளி நிற்கும் எழுத்தை எழுதி மறைச்செய்தி அனுப்பினார். அம்முறையை அறிந்தவன் எவனும் அதனை எளிதில் அவிழ்த்துவிடுவான். 1883ஆம் ஆண்டில் அகஸ்டு கெர்க்காப்ஸ் என்னும் அறிஞர் ஒரு சிறந்த நெறியை வகுத்தார். மறையாக்கும் முறை பகைவனுக்குத் தெரிந்துவிட்டாலும் தீங்கு நேரலாகாது; சாவி ஒன்றே மறைவாக இருந்தாற் போதும் என்பது அதன் கருத்து. பூட்டின் அமைப்பை ஊரார் அனைவரும் அறியலாம். சாவி உடையவனிடம் இருக்க வேண்டும்.

மறைபொருளைக் காக்கும் கருவியின் செய்முறையை வெளிப்படையாக எழுதலாமா என்று ஒருவர் வினவலாம். எழுதலாம், எழுதவும் வேண்டும். பூட்டின் அமைப்பு வெளிப்படையாக இருப்பதனாலேயே, அறிஞர் பலர் அதனை ஆராய்ந்து குறை காண இயல்கிறது.

இத்தகைய கூறுகளுள் ஒன்று வயர்கார்டு என்பது. ஜேசன் டோனென்பெல்டு என்பவர் இதனை ஆக்கி 2016இல் வெளியிட்டார். தொலைவிலுள்ள இரு கணிப்பொறிகளுக்கு இடையே செல்லும் செய்தி முழுவதையும் மறையாக்கி அனுப்புதல் இதன் பணி. செய்திப் பொதிகள் எல்லாம் கெர்னலின் வழியாகவே செல்கின்றன. மறையாக்கும் நிரல் கெர்னலுக்கு வெளியே இருந்தால், ஒவ்வொரு பொதியும் உள்ளிருந்து வெளியே வந்து, மறைக்கப்பட்டு, மீண்டும் உள்ளே செல்ல வேண்டும். அதனால் காலம் வீணாகும். ஆகவே, வயர்கார்டு கெர்னலினுள்ளே அமையும் கூறாகவே எழுதப்பட்டது. அதன் மூலநிரல் ஏறத்தாழ 4,000 வரிகளே. ஒருவர் அமர்ந்து முழுவதையும் படித்து ஆராயத்தக்க அளவு அது.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளிவந்த லினக்ஸ் கெர்னல் 5.6ஆம் பதிப்பில் வயர்கார்டு சேர்த்துக்கொள்ளப்பட்டது. அதற்கு முன் அதனைப் பயன்படுத்த விரும்பியோர், தம் கெர்னலுக்கு ஏற்பத் தாமே ஆக்கியோ, ஆக்கித் தருவோரிடம் பெற்றோ சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. 3.10 முதல் 5.5 வரையுள்ள பழைய கெர்னல்களுக்கு என ஒரு தனித் தொகுப்பும் வெளியிடப்பட்டது.

ஆக்கும் வழி

ஒரு கூறினை ஆக்குவது எவ்வாறு? முதலில், மூலநிரலைப் பெற வேண்டும். அதனுடன் ஆசிரியர் இட்ட மின்கையொப்பம் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். பிறர் கைவைத்த இரும்பைக் கொண்டு பூட்டுச் செய்தால் அப்பூட்டால் என்ன பயன்? அடுத்து, மூலநிரலைப் பொறிமொழியாக மாற்றும் நிரல்பெயர்ப்பியும், மேக் என்னும் கருவியும் வேண்டும். மேலும், கெர்னலின் உள்ளமைப்பை விளக்கும் தலைப்புக் கோப்புகள் வேண்டும். இவை அனைத்தும் அமைந்தபின் ஆக்கும் கட்டளையை இட்டால், கே.ஓ. என்னும் ஈற்றெழுத்துகளை உடைய கோப்பு ஒன்று உண்டாகும். அதுவே கூறு. அதனை உரிய இடத்தில் வைத்து, கூறுகளின் பட்டியலைப் புதுக்கி, கெர்னலில் ஏற்ற வேண்டும்.

சொல்வதற்கு இவ்வளவே. செய்வோர் தடுமாறுவது தலைப்புக் கோப்புகளில்தான். அவை, இயங்கிக்கொண்டிருக்கும் கெர்னலின் பதிப்போடு முற்றும் ஒத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கூறிலும், அஃது எந்தக் கெர்னலுக்கு உரியது என்னும் முத்திரை பொறிக்கப்பட்டிருக்கும். முத்திரை மாறுபட்டால் கெர்னல் அதனை ஏற்பதில்லை. கூறின் அமைப்புப் பொருந்தவில்லை என்று ஒரு சிறு செய்தியை மட்டும் காட்டி நிறுத்திவிடும். ஒருவர் நேற்றுக் கெர்னலைப் புதுப்பித்தார். ஆனால் கணிப்பொறியை நிறுத்தித் தொடங்கவில்லை. இன்று புதிய கெர்னலுக்கு உரிய தலைப்புக் கோப்புகளைப் பெற்றுக் கூறினை ஆக்குகிறார். இயங்குவதோ பழைய கெர்னல். கூறு ஏறாது. ஏட்டில் உள்ளபடியே செய்தேன். ஏன் ஏறவில்லை என்று அவர் கலங்குகிறார். ஏட்டில் ஒரு வரி குறைந்ததே காரணம்.

ஏட்டின் குற்றங்கள்

பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பாயிரத்தில் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினையும் அழகுகள் பத்தினையும் வகுத்துரைத்தார். இலக்கண மாணாக்கர்க்காக அவர் சொன்னவை, நூல் எதுவாயினும் பொருந்துவன. அவற்றுள் சிலவற்றை இங்கே நம் செய்முறை ஏட்டுடன் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, குன்றக் கூறல். தலைப்புக் கோப்புகளை நிறுவுக என்று மட்டும் எழுதுதல் இதற்குச் சான்று. எந்தப் பதிப்பு, எந்தப் பெயரில் கிடைக்கும் என்பன கூறப்படவில்லை. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் அத்தொகுப்புக்கு ஒரு பெயர். பெடோராவில் வேறொரு பெயர். ஒன்றை மட்டும் கூறினால் மற்றையோர் வழி தவறுவர்.

இரண்டாவது, மாறுகொளக் கூறல். வயர்கார்டின் மூலநிரல் முதலில் ஒரே தொகுப்பாக இருந்தது. பின்னர்க் கெர்னல் கூறு வேறு, அதனை இயக்கும் கருவிகள் வேறு என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஏட்டின் ஒரு பகுதியைத் திருத்தி மறுபகுதியைத் திருத்தாமல் விட்டால், ஓரிடத்தில் ஒரு தொகுப்பு என்றும், மற்றோரிடத்தில் இரண்டு என்றும் முரண்பட்டு நிற்கும். எழுதியவன் எழுதிய நாளையும், தான் எந்தப் பதிப்பைக் கொண்டு எழுதினான் என்பதையும் முகப்பில் குறித்திருந்தால், படிப்போன் எச்சரிக்கை அடைவான்.

மூன்றாவது, மயங்க வைத்தல். பதிப்பெண்ணைப் பற்றிய ஒரு மயக்கத்தைப் பாருங்கள். 5.6க்குப் பிற்பட்ட கெர்னலில் கூறு முன்னரே உள்ளது என்று ஏடு சொல்கிறது. ஒருவரிடம் இருப்பது 5.10. தசம எண்ணாக எண்ணிப் பார்த்தால் 5.10 என்பது 5.6இலும் சிறியது; எனவே, தம்முடையது பழையது என்று அவர் முடிவு செய்துவிடுவார். உண்மையில் ஐந்தாம் வரிசையில் ஆறாவது, பத்தாவது என்றே இவற்றைப் படிக்க வேண்டும், 5.10 பிந்தியது. இன்னொன்று: உபுண்டு 20.04இல் உள்ள கெர்னல் 5.4, ஆயினும் அதனை வழங்குவோர் வயர்கார்டை அதனுள் முன்னரே சேர்த்துத் தந்தனர். ஆகவே, எண்ணைப் பார்த்து ஊகிப்பதினும், இக்கூறு உன்னிடம் உள்ளதா என்று கணிப்பொறியையே வினவும் கட்டளையை முதலில் தருவது சிறந்தது.

நான்காவது, மற்றொன்று விரித்தல். மறையாக்கத்தின் வரலாற்றைப் பல பக்கம் எழுதி, அதன்பின் முதற்கட்டளையைச் சொல்லுதல் இவ்வகை. வரலாறு இனிது; அதற்குரிய இடம் வேறு.

ஐந்தாவது, சென்று தேய்ந்து இறுதல். தொடக்கத்தில் விரிவாகப் பேசி, கூறு ஏறியவுடன் ஏடு முடிந்துவிடுகிறது. அடுத்த திங்களில் கெர்னல் புதுப்பிக்கப்படும்போது பழைய கூறு பயனற்றுப் போகும். மீண்டும் ஆக்க வேண்டும். அதனைத் தானாகவே செய்யும் டி.கே.எம்.எஸ். என்னும் கருவியைப் பற்றி ஏடு ஒரு சொல்லும் சொல்வதில்லை. கூறினை நீக்கும் வழியும் அங்கே இல்லை.

அறியாமையினும் கொடிது

இக்குற்றங்கள் பிற ஏடுகளிலும் உள்ளனவே. மறையாக்க ஏட்டில் மட்டும் இவை ஏன் பெரிதாக எண்ணப்பட வேண்டும்? மாவாட்டும் பொறி ஓடவில்லை என்றால் உடனே தெரியும். மறையாக்கம் நடைபெறவில்லை என்பது வெளியே தெரியாது. செய்தி வழக்கம்போலவே சென்று சேரும். அனுப்பியவர் அது பூட்டப்பட்டிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார். கதவு திறந்திருக்கிறது என்று அறிந்தவன் விழிப்போடு இருப்பான். பூட்டிவிட்டோம் என்று தவறாக எண்ணியவன் உறங்கிப்போவான். நோயாளியின் நோயை எழுதும் மருத்துவர், தம்மிடம் நம்பிக்கையோடு பேசியவரின் பெயரைக் காக்க வேண்டிய செய்தியாளர் ஆகியோர்க்கு இப்பிழையால் விளையும் தீங்கு மீட்க முடியாதது.

ஆகையால், கூறு ஏறியது என்பதோடு நில்லாமல், அது தன் பணியைச் செய்கிறது என்பதை அறியும் சோதனையையும் ஏடு சொல்ல வேண்டும். வயர்கார்டில், இரு முனைகளும் கடைசியாகக் கைகுலுக்கிச் சாவி உறுதி செய்துகொண்ட நேரத்தைக் காட்டும் கட்டளை உண்டு. அந்நேரம் தோன்றாவிடில் இணைப்பு இன்னும் உண்டாகவில்லை என்பது பொருள்.

சாவியைப் பற்றிய வரிகளிலும் கருத்து வேண்டும். மறைச்சாவியை ஆக்குமுன், புதிய கோப்பைப் பிறர் படிக்க இயலாதவாறு உரிமையைக் குறுக்கும் சிறு கட்டளை ஒன்றை இட வேண்டும். அவ்வொரு வரியை விட்டுவிட்டால், அதே கணிப்பொறியைப் பயன்படுத்தும் பிறரும் சாவியைப் படித்துவிடக்கூடும். விளக்கத்திற்காக ஏட்டில் அச்சிட்ட மாதிரிச் சாவியை அப்படியே எடுத்துப் பயன்படுத்துவோரும் உண்டாகலாம். ஊரறிந்த சாவி சாவியாகாது என்று அவ்விடத்திலேயே எழுதிவைத்தல் நன்று.

சில கணிப்பொறிகள், நம்பத்தக்க கையொப்பம் இல்லாத கூறினை ஏற்காதவாறு காவல் செய்யப்பட்டிருக்கும். அங்கே கூறு ஏறாதபோது, காவலை நீக்கிவிடுக என்று எழுதிவிடுவது எளிது. பூட்டுச் செய்வதற்காக வாயிற்காவலனை வீட்டுக்கு அனுப்புவது போன்றது அது. கூறுக்குத் தாமே கையொப்பமிட்டு, அக்கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவியைக் கணிப்பொறியில் பதிந்துகொள்ளும் வழியைச் சொல்வதே முறை.

எச்சரிக்கை எங்கே அமைய வேண்டும் என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. வட்டில் உள்ளவற்றை மறையாக்கும் கிரிப்டோலூப் என்னும் கூறு முன்னர் லினக்ஸில் இருந்தது. மாற்றங்களைக் குறிப்பேட்டில் எழுதிக் காக்கும் சிலவகைக் கோப்பு முறைகளுடன் அதனைப் பயன்படுத்துதல் பாதுகாப்பாகாது. அவ்வெச்சரிக்கையையும், டி.எம். கிரிப்டு என்னும் வேறு கூறினை நாடுக என்னும் அறிவுரையையும், அக்கூறினைத் தேர்ந்தெடுக்கும் இடத்து விளக்கத்திலேயே எழுதிவைத்தனர். அக்கூறு பின்னாளில் கெர்னலிலிருந்தே நீக்கப்பட்டது. பள்ளத்தைக் கடந்தபின் நடும் பலகையால் பயனில்லை. எச்சரிக்கை செயலுக்கு முன்னே நிற்க வேண்டும்.

திருத்தும் முறை

தலைப்புக் கோப்புகளை நிறுவி, மூலநிரலைத் தொகுத்து, கூறினை ஏற்றுக என்று ஓர் ஏட்டில் உள்ளது எனக் கொள்வோம். இதில் பொய் யாதும் இல்லை. ஆயினும் புதியவன் இதனைக் கொண்டு ஒன்றும் செய்ய இயலாது. இதனையே பின்வருமாறு எழுதலாம்:

“வயர்கார்டு கூறு முன்னரே உள்ளதா என்று பார்க்க. இருப்பின் இங்கேயே நிறுத்துக, ஆக்க வேண்டியதில்லை. இல்லையெனில், இப்போது இயங்கும் கெர்னலின் பதிப்பெண்ணைக் குறித்துக்கொள்க. அண்மையில் கெர்னலைப் புதுப்பித்திருந்தால், கணிப்பொறியை ஒருமுறை நிறுத்தித் தொடங்கியபின் குறிக்க. அதே எண்ணுடைய தலைப்புக் கோப்புகளை நிறுவுக. மூலநிரலின் கையொப்பத்தைச் சரிபார்க்க. பொருந்தாவிடில் மேலே செல்லற்க. ஆக்கும் கட்டளையைச் சாதாரணப் பயனராக இடுக. நிறுவும் கட்டளைக்கு மட்டும் மேலாளர் உரிமை வேண்டும். கே.ஓ. என முடியும் கோப்பு உண்டாயிற்றா என்று பார்த்தபின் கூறினை ஏற்றுக.”

வரிகள் கூடின, ஆனால் மிகையான சொல் இல்லை. ஒவ்வொரு படியிலும், செய்ய வேண்டுவது யாது, செய்தபின் காண வேண்டுவது யாது, காணாவிடில் யாது செய்வது என்பன அமைந்துள்ளன. நன்னூலார் அழகுகளுள் ஒன்றாகக் கூறிய முறையின் வைப்பு என்பது இதுவே.

எழுதி முடித்தபின் சோதித்தல் வேண்டும். எழுதியவர் தம் கணிப்பொறியிலேயே சோதித்துப் பயனில்லை. வேண்டிய கருவிகள் எல்லாம் அங்கே முன்னரே உள்ளன. புதிதாக லினக்ஸ் நிறுவிய வெற்றுக் கணிப்பொறியில், ஏட்டில் உள்ளதை மட்டும் எழுத்துப் பிசகாமல் செய்து பார்க்க வேண்டும். அதனினும் சிறந்த சோதனை, இத்துறைக்குப் புதியவர் ஒருவரிடம் ஏட்டைக் கொடுத்துவிட்டு, அருகில் வாய் திறவாமல் அமர்ந்திருத்தல். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே ஏட்டில் குறை உண்டு. அவர் கண்ட பிழைச் செய்திகளை உள்ளவாறே குறித்து, காரணமும் தீர்வும் எழுதிச் சேர்த்தால், பின்வருவோர்க்கு அது மருந்துப் பெட்டியாக உதவும்.

யார் திருத்தலாம்?

லினக்ஸ் கெர்னலின் மூலநிரலோடு, டாக்குமென்டேஷன் என்னும் பெயரால் விளக்க ஏடுகளுக்கென்றே ஒரு பகுதி இணைந்துள்ளது. கெர்னலுக்கு வெளியே கூறுகளை ஆக்கும் முறைக்கும் அங்கே ஓர் அதிகாரம் உண்டு. அவ்வேடுகளில் குறை கண்டவர் எவராயினும் திருத்தம் எழுதி அனுப்பலாம். நிரலைத் திருத்தியவர் எவ்வாறு காரணம் காட்டித் தம் பெயரால் உறுதிமொழிக் கையொப்பம் இட வேண்டுமோ, அவ்வாறே ஏட்டைத் திருத்தியவரும் இட வேண்டும். அறிந்தோர் படித்துப் பார்த்துத் தக்கதாயின் ஏற்றுக்கொள்வர். நிரலுக்கு ஒரு நீதி, விளக்கத்துக்கு ஒரு நீதி என்பது அங்கே இல்லை.

இப்பணியில் புதியவர்க்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. வல்லுநருக்குத் தம் ஏட்டின் குறை புலப்படாது. இடறி விழுந்தவனுக்கே கல் இருக்கும் இடம் தெரியும். ஆகவே, செய்முறை ஏட்டைப் படித்து இடர்ப்பட்டால், எனக்கு அறிவில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். இடர்ப்பட்ட இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; வழி கண்டபின் அதனை எழுதிச் சேருங்கள்.

நம் முன்னோருள் நூல் செய்தாரைப் போற்றியவாறே உரை செய்தாரையும் போற்றினர். உரை இன்றேல் நூல்கள் பல நமக்கு விளங்காமலே போயிருக்கும். நிரலாசிரியன் பூட்டைச் செய்கிறான். செய்முறை ஏட்டை எழுதுபவன் அப்பூட்டு எளியோர் வீட்டுக் கதவிலும் ஏறுமாறு செய்கிறான். எங்கோ ஓரூரில், நள்ளிரவில், வினவுவதற்கு அருகில் ஒருவரும் இன்றி, ஒருவர் அந்த ஏட்டை மட்டும் துணையாகக் கொண்டு அமர்ந்திருப்பார். அவரை நினைந்து எழுதும் வரி பிழையாது.